டயர் ஏறும் அழகு

டயர் மாட்டுவதை வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லாரும் நெம்பும் லிவர் இருக்கும் பக்கத்தையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கு நேர் எதிர்ப்பக்கம். வேலை நடப்பது அங்கேதான்.

டயர் கழற்றிய ரிம்மைத் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் உயர்ந்திருக்கும். நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். புது டயரின் உள்விளிம்பைப் பிடித்தால் தடித்த வளையம் ஒன்று கையில் தட்டுப்படும். பீடு என்பார்கள். உள்ளே எஃகுக் கம்பி. எவ்வளவு இழுத்தாலும் அது நீளாது, நீளவும் கூடாது; வண்டி ஓடும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலாமல் காப்பது அந்தப் பிடிவாதம்தான். நீளாத வளையத்தைத் தன்னைவிடப் பெரிய ஓரத்தைத் தாண்டி எப்படி உள்ளே இறக்குவது? ஒரு பக்கத்தில் பீடை நடுப்பள்ளத்துக்குள் அமுக்கினால், அந்த ஆழத்தின் அளவுக்கு எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில் பீடு ஏறிவிடும். இது தெரிந்தவர் கையில் லிவர் அலுங்காமல் போகும். தெரியாதவர் ரிம்மைக் கீறி, டியூபைக் கிழித்து, முட்டியையும் பெயர்த்துக்கொள்வார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வேலையை ரசிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் விளையும் ரப்பரில் பெரும்பகுதி இங்கேதான். நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு ஏறினாலும் சரி, குலசேகரம் போய்ப் பேச்சிப்பாறைக்குத் திரும்பினாலும் சரி, சாலையோரம் சரிந்த வெட்டுகளோடு ரப்பர் மரங்கள் நிற்கும். விடியுமுன் பால் வெட்டுபவர் பட்டையை மெல்லிசாகச் சீவுவார். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம். சிரட்டையில் சேரும் வெள்ளைப் பாலைத் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகையில் காயவைப்பார்கள். தேன் நிறம் வந்துவிடும். அந்த ரப்பரோடு கார்பன் தூளும் கந்தகமும் சேர்ந்து வெந்தால்தான் கறுத்த, உறுதியான டயர். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்பதை 1839-இல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். பால் வெட்டுகிறவரும் டயர் ஏற்றுகிறவரும் எனக்கு ஒரே இனம். இருவர் கையிலும் இரும்பு இருக்கிறது, இருவரும் அதை அழுத்துவதில்லை.

இனி நாமே ஒரு டயரை மாட்டிப் பார்க்க முற்றத்துக்கு வருவோம். டியூப் போட்ட, ஸ்போக் வைத்த சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கின் 2.75-18 அளவு பழக நல்லது. 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச் கணக்கில். புது டயரை அரை மணி நேரம் வெயிலில் கிடத்துங்கள், இளகட்டும். அதற்குள் பக்கவாட்டில் இருப்பதைப் படித்துவிடலாம். சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி. நான்கு இலக்கத்தில் டயர் பிறந்த வாரம்: 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். உடம்பெங்கும் துருத்தும் ரப்பர் முடிகளையும் விரலால் வருடிப் பாருங்கள். அச்சுக்குள் டயரை அழுத்தும்போது காற்று வெளியேற விட்ட நுண்துளைகளில் புகுந்த ரப்பர் அது.

பழைய டயரைக் கழற்றுவது முரட்டு வேலை, அதில் ரசிக்க அதிகமில்லை. கழற்றியபின் ரிம்மைப் பாருங்கள். குளச்சல், மணக்குடி பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று ரிம்மின் உட்புறத்தில் துரு ஏற்றியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்போக் முனை டியூபைக் குத்தாதபடி ரிம் டேப்பைச் சரியாக இழுத்து விடுங்கள்.

சாக்கின்மேல் சக்கரத்தைப் படுக்கவைத்து, பீடு இரண்டிலும் சோப்புத் தண்ணி தடவுங்கள். முதல் பீடு முழங்கையால் அழுத்தினாலே இறங்கிவிடும். டியூபில் உருண்டை தெரியுமளவு மட்டும் காற்று விட்டு உள்ளே செருகி, வால்வ் நட்டை இரண்டு மரை மட்டும் திருகி விடுங்கள்.

இரண்டாவது பீடுதான் பார்க்க வேண்டிய கட்டம். வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரு பக்கமாக வந்து, வால்வில் முடிக்க வேண்டும். வால்வின் தடித்த அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே பீடு இறங்காது. கடைசியில் தளர்வு தரப்போவது எதிர்ப்பக்கப் பள்ளம் மட்டுமே. அங்கே முழங்காலை ஊன்றிக்கொண்டு, லிவரால் இரண்டு விரல் அகலம் இரண்டு விரல் அகலமாகக் கடித்து வாருங்கள். வடசேரியில் ஒரு பஞ்சர் கடை அண்ணாச்சி தன் பையனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மக்கா, மல்லுக்கட்டாத. லிவர் கனக்குன்னா அந்தப் பக்கம் மேல ஏறியிருக்கு. போய் அமுக்கிட்டு வா." பையன் போய் அமுக்கினான். அடுத்த கடியில் கடைசி நாலு விரல் அகலமும் ஓசையில்லாமல் வழுக்கி இறங்கியது.

பிறகு வால்வை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளி இழுங்கள். பீடின் அடியில் டியூப் மாட்டியிருந்தால் விடுபடும். காற்று அடித்து, ஒருமுறை முழுக்க இறக்கி, மறுபடி அடியுங்கள். டியூபின் சுருக்கம் நீங்கிவிடும். ரிம் ஓரத்துக்குச் சற்று மேலே டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி வரும். நன்றாக உடுத்திய வேட்டியின் கரைபோல அது ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் ஓட வேண்டும். ஓரிடத்தில் ரிம்முக்குள் ஒளிந்தால் அங்கே பீடு உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணி விட்டு, திரும்ப அடியுங்கள். பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தை மட்டும் தாண்டாதீர்கள்.

முதல் 100 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். புது ரப்பரின் வழவழப்பு தேய்ந்தால்தான் சாலையைப் பிடிக்கும், மழை நாளில் இன்னும் கவனம். ஒரு வாரம் கழித்து அந்த ரப்பர் முடிகளைத் திரும்பப் பாருங்கள். நடுவில் போயிருக்கும், ஓரத்தில் நிற்கும். திற்பரப்பு வளைவுகளில் வண்டி எவ்வளவு சாய்ந்தது என்று அவை எங்கே நிற்கின்றன என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.