சேர்ந்து இழுத்த பிறகு

மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக மலிவு விலையில் வந்த சோவியத் சிறுவர் நூல்களைப் பற்றி உருகாமல் பேசுகிறவர்கள் குறைவு. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோரின் மொழிபெயர்ப்பு உழைப்புக்கு அந்த உருக்கம் தகும். ஆனால் ரஷ்யச் சிறுவர் இலக்கியம் ‘நாம்’ என்பதை எப்படிக் கட்டியது என்று பார்க்க, அதைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும்.

டர்னிப் கதை எல்லோருக்கும் தெரியும். தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை சேர்ந்து இழுத்தும் வராத கிழங்கு, சுண்டெலி கைகொடுத்ததும் வந்துவிடுகிறது. அங்கே கதை முடிகிறது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடியுமுன் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவருக்குக் கதை அங்கேதான் தொடங்கும்: கூலி எவ்வளவு, யாருக்கு எவ்வளவு?

அர்காதி கைதாரின் ‘தைமூரும் அவன் குழுவும்’ (1940) இதைவிடச் சிக்கலானது. போர்முனைக்குப் போனவர்களின் வீடுகளுக்குப் பிள்ளைகள் ரகசியமாக உதவுகிறார்கள். விறகு அடுக்குகிறார்கள், தண்ணீர் நிரப்புகிறார்கள். பெரியவர் யாரும் ஏவவில்லை, பாராட்டும் எதிர்பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் தாத்தா வந்து நீதி சொல்லும் நம் கதைகளுக்குப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. ஆனால் தோட்டங்களில் பழம் திருடும் பையன்களைத் தைமூர் குழு என்ன செய்கிறது? சந்தைத் திடலில் ஒரு காலிக் கடைக்குள் பூட்டி, அவர்கள் குற்றத்தை எழுதி வெளியே தொங்கவிடுகிறது. இதைக் கைதார் குறும்பாகவே எழுதுகிறார். எனக்கு உறுத்துகிறது. ‘நாம்’ என்ற வட்டத்துக்கு வெளியே நிற்பவனிடம் பேச்சுவார்த்தை இல்லை. ஊர் பார்க்க அவமானம்தான்.

நிஜச் சந்தை இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் வணிக வளாகம் 2017இல் திறக்கப்பட்டது. வியாபாரிகளில் பெரும்பாலோர் போக மறுத்தார்கள். நெரிசலில் தவித்த ஊருக்கு அது பிடிவாதம், கடைக்காரருக்குப் பிழைப்பு. இதில் யாரைக் கடைக்குள் பூட்டுவது?

கூடி வாழ்பவர்களுக்குள் வரும் முரண்பாட்டை ரஷ்யர்களிலேயே நன்றாக எழுதியவர் நிகொலாய் நோசவ் என்பேன். 1950களில் அவர் படைத்த குள்ளர் ஊரில், ஒன்றும் தெரியாத தற்பெருமைக்காரன் ஒருவன் எல்லோரையும் எரிச்சலூட்டுகிறான். ஆனாலும் பலூன் பயணத்தில் அவனையும் ஏற்றிக்கொள்கிறார்கள். நடுவானில் அவர்களின் அறிவாளித் தலைவன், தன்னைப் பின்பற்றும்படி சொல்லிவிட்டுப் பாராசூட்டோடு குதிக்கிறான். மற்றவர்கள் குதிக்கவில்லை.