கௌடலீயம்: பதிப்பும் காலமும்

பழைய நூலொன்றைப் பதிப்பித்தல் ஏட்டிலுள்ளதை அச்சிலேற்றுதல் மாத்திரமன்று என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் வெளியிட்டபோது பட்ட பாட்டை அவர்தம் பதிப்புரைகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஏடு தேடுதல் ஒரு பாதி. தேடிய ஏட்டில் நூலாசிரியன் சொல் எது, பின்வந்தார் சேர்த்தது எது எனத் தெளிதல் மறு பாதி. இவ்விரண்டாம் பணி எத்துணை அரியது என்பதற்கு வடமொழிப் பொருணூலாகிய கௌடலீய அர்த்தசாத்திரத்தின் பதிப்பு வரலாறு தக்கதொரு சான்றாகும். அவ்வரலாற்றிலே, 2013ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பற்றிக் ஒலிவெல் அவர்களின் குறிப்புரையோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு திருப்பம். இலங்கையிற் பிறந்து, அமெரிக்க ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வடமொழி கற்பித்த இவ்வறிஞர் மனு நூலையும் முன்னரே ஆராய்ந்து பதிப்பித்தவர்.

கௌடலீயம் நெடுங்காலம் பிறர் நூல்களிற் காணும் மேற்கோள்களால் மாத்திரம் அறியப்பட்டிருந்தது. இந்நூற்பிரதியைத் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழைத்தேய நூலகத்திற்கு அளிக்க, அங்கிருந்த சாமசாஸ்திரி 1905 முதல் அதன் பகுதிகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். 1909இல் மூலத்தையும், 1915இல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும் தந்தார். கணபதி சாஸ்திரி 1924, 1925ஆம் ஆண்டுகளில் திருவனந்தபுரத்திலிருந்து தம் வடமொழி உரையோடு பதிப்பித்தார். பின்னர்ப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகக் காங்லே 1960இல் ஒப்புநோக்கிய மூலத்தையும், 1963இல் மொழிபெயர்ப்பையும், 1965இல் ஆராய்ச்சியையும் வெளியிட்டார். குசராத்து நாட்டுப் பாட்டணத்திற் கிடைத்த குறைப்பிரதி ஒன்று நீங்கலாக, இந்நூலைக் காத்துத் தந்தவை பெரும்பாலும் தென்னாட்டுக் கிரந்த, மலையாள ஏடுகளே. மகதத்து அமைச்சன் செய்ததாகச் சொல்லப்படும் நூல் மகதத்தில் மறைந்து தென்கோடியில் உயிர்வாழ்ந்தமை வியப்பிற்குரியது.

ஒலிவெல் புதிய மூலம் ஒன்றை வகுத்தாரல்லர். காங்லேயின் பாடத்தையே பெரும்பாலும் தழுவி, வேண்டிய இடங்களில் மாறுபட்டுக் காரணங் காட்டுகின்றார். எனின் புதுமை யாது? காங்லே இந்நூலைச் சந்திரகுப்த மோரியன் காலத்து ஒருவரே செய்த ஒரே நூலெனக் கொண்டார். ஒலிவெல்லோ அதனைப் படிப்படியாக வளர்ந்த நூலெனக் கொள்கின்றார். பழைய மூலங்களைத் தொகுத்துக் கௌடலியர் நூல் செய்தது கி.பி. 50க்கும் கி.பி. 125க்கும் இடையில், வேறொருவர் அதனைத் திருத்தி இன்றைய வடிவாக்கியது கி.பி. 175க்கும் 300க்கும் இடையில் என்பது அவர் முடிபு. நூலாசிரியரைச் சாணக்கியரோடு ஒன்றாக்கியது பிற்கால வழக்கு என்பதும் அவர் கருத்து.

இதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் எம்மை மிகக் கவர்ந்தது நூலின் பகுப்பு முறையேயாம். கௌடலீயம் 15 அதிகரணமும் 180 பிரகரணமும் 150 அத்தியாயமும் உடையதெனத் தன் முதல் அத்தியாயத்திலேயே கூறிக்கொள்கின்றது. ஒரு நூலுக்குள் இரு பகுப்பு எதற்கு? அவை தம்முள் ஒத்துச் செல்லினும் அமையும். சிலவிடத்து ஓர் அத்தியாயத்துட் பல பிரகரணங்கள் அடைந்து கிடக்கின்றன. சிலவிடத்து ஒரு பிரகரணம் பல அத்தியாயங்களாகச் சிதறுகின்றது. பொருள்வழி அமைந்த பிரகரணமே பழைய பகுப்பு, அத்தியாயம் பிற்காலத்தார் மேலிட்டது, அத்தியாய ஈற்றிற் காணும் செய்யுள்களும் அவரால் வந்தவை என்று ஒலிவெல் வாதிப்பது வலுவுடையது. தோமஸ் திறவுற்மன் 1971இல் இடைச்சொற்களை எண்ணிக் கணக்கிட்டு, நூல் ஒருவர் கைப்பட்டதன்று எனக் காட்டியதும் இதற்கு அரணாகின்றது.

மற்றொரு சான்று பவளம். இரண்டாம் அதிகரணத்து 11ஆம் அத்தியாயம் ஆலகந்தகம் என்றொரு பவளத்தைக் கூறுகின்றது. இச்சொல் அலெக்சாந்திரியாவின் பெயரென்பது பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவியின் துணிபு. மத்தியதரைக்கடற் பவளம் அப்பட்டினத்தின் வழியாக இந்தியாவிற்கு மிகுதியாக வந்தது உரோமர் வாணிகம் ஓங்கிய காலத்திலாதலின், மோரியர் காலத் தொடக்கத்து நூலில் அப்பெயர் வருதல் அரிது.

இம்முடிபு நம் மாணவரைத் தொடாமற் போகாது. மோரியர் ஆட்சியை விவரிக்கப் புகும் வினாவிடைகளில் வரி, சுரங்கம், உப்பு, நெசவு, ஒற்றர் ஆகிய அனைத்தும் கௌடலீயத்தினின்றும் எடுத்து அப்படியே சந்திரகுப்தன் தலையில் ஏற்றப்படுதல் நெடுநாள் வழக்கம். அமைச்சன் முதலியோர்க்கு 48,000 பணமும் கடைநிலை ஏவலர்க்கு 60 பணமும் என்ற ஊதிய அட்டவணையை மோரியர் கணக்கேடாகவே மதித்து எழுதியோர் பலர். சாத்திரம் கூறுவது இருக்க வேண்டிய நிலையை. இருந்த நிலையை அன்று. காலமும் பிற்பட்டதாயின் அவ்வெழுத்து இரட்டிப்புப் பிழையாகின்றது.

இனி முத்துக்கு வருவோம். அதே அத்தியாயம் முத்தின் பிறப்பிடங்களுள் தாம்பிரபர்ணியையும் பாண்டிய கவாடத்தையும் முதலில் வைக்கின்றது. கௌலேயம் என்பதனைச் சிங்களத்து ஆறொன்றிற் பிறந்ததென உரைகாரர் கூறுவர். மன்னார்க் குடாவின் முத்து கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே மகதம் சென்றது என்பதற்கு இதனைக் காட்டியோர்க்கு ஒலிவெல் முடிபு கசக்கலாம். அவர்கள் வருந்த வேண்டியதில்லை. சந்திரகுப்தன் அவைக்கு வந்த மெகஸ்தெனிஸ், தப்ரபேன் ஆகிய இலங்கை பொன்னாலும் பெருமுத்தாலும் இந்தியாவினும் வளமுடையதெனக் கூறியதைப் பிளினி எடுத்தெழுதியுள்ளார். கௌடலீயத்தைச் சாட்சிக் கூண்டினின்றும் இறக்கினும் முத்தின் வழக்கு தோற்பதில்லை.

ஒலிவெல்லோடு எமக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. ஆசிரியர்கள் இவ்வாறு கூறுவர், அன்று என்பர் கௌடலியர் என வரும் தருக்கங்களையும் பிற்காலத் திருத்தத்தின்பாற் சேர்க்க அவர் விழைகின்றார். ஏழாம் அதிகரணத்தில், இமயவழியே சிறந்ததென்ற ஆசிரியர்களை மறுத்து, கம்பளமும் தோலும் குதிரையும் ஒழிந்த சங்கு, வயிரம், மணி, முத்து, பொன் ஆகியன தென்வழியிலேயே மிகுதி என்று கௌடலியர் நிறுவுகின்றார். வாத வடிவம் பின்னர் வந்திருக்கலாம். அதனுள் உறையும் பொருளியற் கருத்தும் உடன்வந்ததென்று எவ்வாறு துணிவது? வடிவத்தை நீக்கும் கை கருத்தையும் உடன் நீக்கிவிடல் ஆகாது. மேலும், இந்நூலில் வடமொழி மூலம் அச்சிடப்படவில்லை. காங்லேயை அருகில் வையாது இதனைப் பயில இயலாது.

மொழிபெயர்ப்பு நடையோ தெளிந்தது. மூலத்தின் சுருக்கத்தைப் போற்றுவது. நூல் அத்தியட்சனைப் பற்றிய பகுதி ஓர் எடுத்துக்காட்டு. கைம்பெண்டிர், உறுப்புக் குறைந்த பெண்டிர் முதலியோர்க்கு நூல் நூற்கும் தொழில் அளிக்க வேண்டும். மனையினின்றும் வெளிப்படாதார்க்குப் பணிப்பெண்டிர் வழியாகத் தொழில் அனுப்ப வேண்டும். பண்டகசாலைக்குத் தாமே வரும் பெண்ணின் முகத்தை நோக்கினாலோ தொழிலொழிந்த பேச்சுப் பேசினாலோ அதிகாரிக்குத் தண்டம். கூலி கொடுக்குங் காலம் தவறினால் அதனினும் மிகுந்த தண்டம். அரசின் வருவாயையே குறியாகக் கொண்ட நூல் எனப் பழிக்கப்படும் ஒன்றில் இத்தகைய விதிகளைக் காண்பார் வியவாதிரார்.

தமிழிற் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் இந்நூலை மொழிபெயர்த்தார். அவர் 1953இல் மறைந்தாராதலின் காங்லேயின் பாடம் அவர்க்குக் கிட்டவில்லை. தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்து முதற்குறளில் வரும் நால்வகைச் சோதனையைக் கௌடலீயத்தின் உபதைகளோடு ஒப்பிட்டுக் காணும் தமிழ் மாணாக்கர்க்குப் புதிய பாடமும், காலப்படிகளைக் காட்டும் குறிப்பும் கொண்ட தமிழ்ப் பதிப்பு வேண்டும். மலையாளத்துப் பழைய உரையாகிய பாஷா கௌடலீயம் பழந்தமிழ் பயின்றார்க்குப் பெரிதும் எட்டக்கூடிய மொழியில் அமைந்துளது. முழுநூலும் உடனே இயலாதெனின், இரண்டாம் அதிகரணத்து 11ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மணிகளின் வகையையும் குற்றத்தையும் நிரல்படக் கூறுகின்றது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட, இரு மொழியும் அறிந்தார்க்கு ஓராண்டு போதும்.