ஆழ்வார் பாலசுப்ரமணியத்தின் சிற்பங்கள்

ஆழ்வார் பாலசுப்ரமணியம் (பிறப்பு: 1971) திருநெல்வேலியில் பிறந்த சிற்பி, நிறுவல் கலைஞர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று 1995-ல் பட்டம் பெற்றார். எடின்பரோவிலும் வியன்னாவிலும் அச்சோவியப் பயிற்சி பெற்றபின் சிற்பத்தை முதன்மை ஊடகமாகக் கொண்டார். கண்ணுக்குத் தெரியாதவற்றை உருவத்தின் வழியாக உணரச்செய்வது அவரது கலையின் மையம்.

படைப்புகள்

'செல்ஃப் இன் ப்ராக்ரஸ்' (2002) கலைஞரின் உடலிலிருந்தே அச்செடுத்து கண்ணாடியிழையில் வார்க்கப்பட்டது. அமர்ந்த அவ்வுருவின் ஒரு பகுதி சுவருக்குள் மறைந்திருக்கிறது. சுவர் இங்கே பின்னணி அல்ல, சிற்பத்தின் உறுப்பு. 'எமர்ஜிங் ஏஞ்சல்ஸ்' (2004) காற்றில் மெல்ல ஆவியாகும் பொருளைக் கொண்டு செய்யப்பட்டது. நாட்கள் செல்லச்செல்ல வடிவம் கரைகிறது. கண்காட்சியின் முதல் நாள் வந்தவரும் பிந்தி வந்தவரும் காண்பது ஒரே சிற்பத்தை அல்ல. நிழல், காந்தவிசை, புவியீர்ப்பு ஆகியவையும் அவருடைய கருப்பொருட்கள். 2009-ல் மைசூரில் நடந்த டெட் இந்தியா மாநாட்டில் தன் படைப்புகளைப் பற்றி உரையாற்றினார்.

மரபுடன் ஒப்பீடு

இவ்வகைக் கலை மேற்கிலிருந்து இறக்குமதியானது என்ற விமர்சனம் தமிழ்ச்சூழலில் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள சிங்கப்பெருமாள் கோவிலை இதற்கு எதிர்ச்சான்றாகக் கொள்ளலாம். அங்குள்ள பாடலாத்ரி நரசிம்மர் ஆலயம் பல்லவர் காலக் குடைவரை. மூலவரை வலம்வர விரும்பும் பக்தர் குன்றையே சுற்றிவர வேண்டும். சிலை எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லமுடியாது.

குடைவரை என்பது நீக்குவதன் வழியாக இடத்தை உருவாக்கும் கலை. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி ஆலயம் அமைத்ததாக மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டு கல்வெட்டு பெருமைகொள்கிறது. இல்லாமையைக் கலையின் அடிப்படையாக்குவது இம்மண்ணுக்குப் புதிதல்ல. தூணுக்குள் மறைந்திருந்து வெளிப்பட்ட நரசிம்மரின் கதையை அறிந்தவருக்குச் சுவருக்குள் பாதி மறைந்த உடல் அந்நியமாகத் தோன்றாது.

வேறுபாடும் முக்கியமானது. குடைவரை காலத்தை வெல்ல முயல்கிறது. பாலசுப்ரமணியத்தின் சிற்பம் காலத்திடம் தன்னை ஒப்படைக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் வாகன ஆலைகளும் உதிரிபாக ஆலைகளும் உள்ளன. அங்கே அச்சு என்பது ஒரே வடிவத்தை ஆயிரக்கணக்கில் பெருக்குவதற்கான கருவி. அதே தொழில்நுட்பத்தைக் கொண்டு பாலசுப்ரமணியம் ஒரே ஒரு உடலை வார்த்து, அதையும் மறையவிடுகிறார்.

மதிப்பீடு

பாலசுப்ரமணியத்தின் சிறந்த படைப்புகளில் கருத்தும் பொருளும் ஒன்றே. ஆவியாகும் சிற்பம் நிலையாமையைப் பற்றிப் பேசுவதில்லை, நிலையாமையாகவே இருக்கிறது. பார்வையாளர் தத்துவம் அறிந்திருக்கத் தேவையில்லை, காத்திருந்தால் போதும். இந்த எளிமையே அவரது சாதனை.

இக்கலையின் போதாமை அது வைக்கப்படும் இடத்தில் உள்ளது. இப்படைப்புகள் பெரும்பாலும் நியூயார்க், டெல்லி போன்ற பெருநகரக் கலைக்கூடங்களின் வெண்சுவர்களுக்குள் வைக்கப்பட்டவை. தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் அவற்றைப் புகைப்படங்களில் மட்டுமே காணமுடிகிறது. புகைப்படமோ கரையும் சிற்பத்தை ஒரு கணத்தில் உறையவைத்து, அதன் சாரமான காலத்தை நீக்கிவிடுகிறது. குன்றைச் சுற்றிவரும் பக்தர் தன் கால்களால் சிற்பத்தை அறிகிறார். படத்தைப் பார்ப்பவருக்கு அந்த அனுபவம் இல்லை. நவீன சிற்பம் தமிழகத்தில் புரியவில்லை என்று சொல்லப்படுவதற்கு மக்களின் ரசனைக்குறைவைவிட, அதன் முன் நிற்கும் வாய்ப்பே அமையாததுதான் காரணம். குடைவரையின் முன் நின்று பழகிய சமூகத்துக்கு, மறையும் சிற்பத்தின் முன் நிற்பது கடினமாக இருக்காது.