முத்திரையிட்ட முப்பது பக்கங்கள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு நாம் போவது கும்பிட அல்ல, சுவரைப் படிக்க! முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நிலமும் வேதப் பயிற்சியும் உடையோர்க்கே இடந்தந்த அந்த முறையை மக்களாட்சி என்று நாம் மாலை சூட்டி மகிழவில்லை. ஆயினும் இரண்டு செய்திகளைப் போற்றுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு ஆகான். அவன் உறவினரும் ஆகார். 919-ஆம் ஆண்டையொட்டி வகுத்த விதியை இரண்டே ஆண்டில் திருத்தினர். ஆனால், பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் ஊரறிய நிற்கின்றன!

இந்த அளவுகோலைக் கொண்டு ஒரு நூலை அளந்து பார்ப்போம்.

மௌலானா அபுல் கலாம் ஆசாத், 1912-இல் கல்கத்தாவில் 'அல் ஹிலால்' ஏட்டைத் தொடங்கி, எழுதுகோலால் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த இதழாளர். உலகப் போர் கனன்ற காலத்தில், 1940 முதல் 1946 வரை, காங்கிரசின் தலைவர். 1942 ஆகஸ்டில் கைதாகி, நேருவுடனும் படேலுடனும் அகமதுநகர்க் கோட்டையில் சிறையிருந்தவர். உடனிருந்து கண்டவர் கூறுவது உண்மையாகத்தானே இருக்கும்? அந்த எண்ணத்தோடுதான், அவர் மறைந்த மறு ஆண்டு, 1959-இல் வெளிவந்த 'இண்டியா வின்ஸ் ஃப்ரீடம்' நூலை நாமும் படிக்கத் தொடங்கினோம். உருதுவில் அவர் சொல்ல, ஆங்கிலத்தில் எழுதியவர் உமாயூன் கபீர்.

நூல், நண்பரும் தோழருமான ஜவகர்லாலுக்குக் காணிக்கை. ஆனால், ஏறத்தாழ முப்பது பக்கங்கள் முத்திரையிடப்பட்டு, கல்கத்தா தேசிய நூலகத்திலும் டில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் முப்பதாண்டுகள் உறங்கின. வழக்குமன்றம் வரை சென்று, 1988-இல் வெளிச்சம் கண்டன.

கண்டது என்ன? 1946-இல் தலைமைப் பதவியிலிருந்து விலகியது ஒருவேளை தவறாகலாம் என்று மெல்லக் கூறியது 1959 பதிப்பு. முழுப் பதிப்போ, அது மலையளவு தவறு என்கிறது. படேலை ஆதரிக்காமற் போனது இரண்டாவது தவறு என்கிறது. அவர் தலைவராகியிருந்தால் அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டம் நிறைவேறியிருக்கும் என்கிறது. அந்தோ! மவுண்ட்பேட்டனின் பிரிவினை யோசனைக்கு முதலில் இசைந்தவர் படேலே என்று குற்றஞ்சாட்டியதும் இதே நூலன்றோ! எந்தப் படேலை நாம் நம்புவது?

வாழ்வோர் மனம் புண்படாதிருக்கச் செய்த ஏற்பாடு என்பர் சிலர். அப்படியே கொள்வோம். 1950-இல் மறைந்து, மறுமொழி கூற இயலாத படேல்மீது குற்றச்சாட்டு வெளிச்சத்தில்! மறுமொழி கூறக்கூடிய பிரதமர் நேருவைப் பற்றிய கடுந்தீர்ப்புகள் இருட்டில்! நேருவை அறவே விட்டுவிட்டது 1959 பதிப்பு என்று கூறமாட்டோம். ஆனால் கடுமை குறைந்தே வந்தது. ஆசாத்தோ இறுதிவரை நேருவின் அமைச்சரவையில் கல்வி அமைச்சர்!

பிரிவினையை முடிவு செய்த 1947 ஜூன் கூட்டத்தில் ஆசாத் ஒரு சொல்லும் பேசாமல் ஒரு மூலையில் புகைத்துக்கொண்டிருந்தார் என்று, அங்கிருந்த ராம் மனோகர் லோகியா 1960-இல் எழுதினார். லோகியாவும் அரசியல் களத்தில் நின்றவரே. அவர் சாட்சியத்தையும் சோதித்தே ஏற்போம். 1989-இல் ராஜ்மோகன் காந்தி, ஆசாத் நூலின் பிழைகளை எடுத்துக்காட்ட ஒரு தனி நூலே எழுத நேர்ந்தது.

மனம் மாறுவது குற்றமன்று, தோழர்களே! மாறாத மனம் கல்லுக்கு நிகர். ஆனால் என்று மாறினோம், ஏன் மாறினோம் என்று ஊரறியச் சொல்வதே நேர்மை. நிகழ்ச்சியின் நாளில் ஒரு முகம், அச்சேறும் நாளில் ஒரு முகம், எல்லோரும் மறைந்தபின் ஒரு முகம் என்றால், படிப்பவன் எந்த முகத்தைக் கண்டு நம்புவான்?

ஆசாத்தின் தியாகத்தை நாம் மறுக்கவில்லை. பிரிவினை கூடாது என்று அவர் 1946-இல் வெளிப்படையாகக் கூறியதையும் மறக்கவில்லை. மதிப்பு இருக்கிறது, அவரது சாட்சியத்தின்மீது வைத்த நம்பிக்கைதான் போயிற்று. இரண்டும் வேறு வேறு என்பதை அறிவதே பகுத்தறிவு.

இளைஞர்களே! இந்த அளவுகோல் அயலார்க்கு மட்டுமன்று. நாம் போற்றும் தலைவர்களின் நினைவுக் குறிப்புகளையும், நாம் விரும்பும் ஏடுகளையும் இதே கோலால் அளந்து பாருங்கள். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

கணக்குக் காட்டாதவனைக் குடவோலைக்கு ஆகான் என்றது நம் ஊர்ச் சுவர். சொல்லுக்குக் கணக்குக் காட்டாத எழுத்தை மட்டும் நாம் ஏன் ஏற்க வேண்டும்?