மறையவிருக்கும் பேரரசின் சிரிப்பு
ஆவ்ராம் டேவிட்சனின் எஸ்டர்ஹாசி கதைகள்: ஒரு திறனாய்வு

துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்கும் ஆயர்கள் அவற்றைத் திருமறை விளக்கவுரைகளுக்குப் பின்னால் மறைத்துவைப்பது பழைய வழக்கம். மறைக்கத் தேவையில்லை. இவ்விலக்கிய வகைக்கும் திருப்பணியாளருக்கும் உள்ள உறவு நெடியது. தந்தை பிரவுன் என்னும் குருவைத் துப்பறிவாளராகப் படைத்த செஸ்டர்டன், அக்கதைகளின் முதல் தொகுதியை 1911இல் வெளியிட்டார். ரோனால்டு நாக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குருவோ 1929இல் துப்பறியும் கதைக்கெனப் பத்துக் கட்டளைகளையே வகுத்தார். இயல்புக்கு மேற்பட்ட ஆற்றல்களுக்குக் கதையில் இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. அற்புதத்தில் நம்பிக்கையுள்ள ஒருவரே அற்புதத்தைக் கதையினின்று விலக்கியது முரண் போலத் தோன்றும். ஆனால் முடிச்சு மனித அறிவுக்கு எட்டுவதாக அமையாவிடில் வாசகர் ஏமாற்றப்படுகிறார் என்பதே அவர் கருத்து.

இக்கட்டளையைச் சிரித்துக்கொண்டே மீறிய ஒருவரின் கதைகளை இங்கு ஆராய்வோம். ஆராய்வதற்குக் காரணம் அவற்றின் வேடிக்கை மட்டுமன்று. அழிந்துபோன ஒரு பேரரசை அன்போடு நினைவுகூர்வது உண்மைக்கும் நீதிக்கும் பொருந்துமா என்னும் வினாவை அவை நம்முன் வைக்கின்றன.

1. ஆசிரியரும் நூலும்

ஆவ்ராம் டேவிட்சன் (1923–1993) நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர். யூத நெறியில் நின்றவர். பின்னாளில் ஜப்பானில் தோன்றிய தென்ரிக்கியோ சமயத்தில் ஈடுபட்டவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை மருத்துவ உதவியாளராகப் பணியாற்றினார். 1962 முதல் 1964 வரை கற்பனைக் கதைகளுக்கான புகழ்பெற்ற அமெரிக்க மாத இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தார். 'டாக்டர் எஸ்டர்ஹாசியின் விசாரணைகள்' என்னும் எட்டுக் கதைகள் கொண்ட தொகுதி 1975இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே உலகக் கற்பனை இலக்கிய விருதைப் பெற்றது. பின்னர் எழுதிய கதைகளும் சேர்ந்த பெருந்தொகுதி 1990இல் வெளியாயிற்று.

கதைத் தலைவர் எங்கெல்பர்ட் எஸ்டர்ஹாசி சட்டம், மருத்துவம், மெய்யியல் எனப் பல துறைகளில் முனைவர் பட்டம் பெற்றவர். காவல் துறையினர் விடை காண முடியாதவற்றை அவரிடம் கொண்டுவருகின்றனர். ஆயினும் அவர் ஷெர்லாக் ஹோம்ஸின் நிழல் அல்லர். ஹோம்ஸ் தமக்குத் தேவையற்ற அறிவை ஒதுக்குபவர். எஸ்டர்ஹாசிக்கோ தேவையற்ற அறிவு என்று ஒன்று இல்லை.

2. மூவொரு முடியரசு

கதைகளின் களம் சித்தியா-பன்னோனியா-டிரான்ஸ்பால்கானியா என்னும் கற்பனைப் பேரரசு. தலைநகர் பெல்லா, அரசர் முதியவரான இக்னாட்ஸ் லூயி. இவ்வரசுக்கு ஆசிரியர் சூட்டிய அடைமொழி இறையியல் மாணவரைப் புன்னகைக்கச் செய்யும். திருச்சபை கடவுளைக் குறித்து மட்டும் வழங்கும் 'மூவொரு' என்னும் சொல்லை அவர் முடியரசுக்கு அளித்துவிட்டார். மூன்றும் ஒருபோதும் ஒன்றாகாமல், ஆயினும் பிரியவும் இயலாமல், முதிய அரசரின் மீசை நிழலில் காலந்தள்ளுவதே இந்த மூவொருமை. அரசு தன்னை மறைபொருளாக்கிக்கொள்ளும் போக்கைக் கேலி செய்ய இதனினும் சுருக்கமான வழி இல்லை.

கற்பனைக்குப் பின்னால் வரலாறு தெளிவாகத் தெரிகிறது. 1867இல் ஏற்பட்ட உடன்பாட்டால் இரட்டை முடியரசாகி, 1918இல் சிதைந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசே மூலம். 1848 முதல் 1916 வரை ஆண்ட பிரான்ஸ் யோசேப்பு இக்னாட்ஸ் லூயியின் முன்மாதிரி. 'எருசலேமின் மணிமுடி அணிகள்' என்னும் கதையில், எருசலேமின் அரசர் என்னும் பட்டம் நகைச்சுவைக்கு ஊற்றாகிறது. இது வெறுங்கற்பனை என்று எண்ணிவிடலாகாது. தமக்கு ஒரு சாண் நிலமும் இல்லாத எருசலேமின் அரசர் என்னும் பட்டத்தைப் பிரான்ஸ் யோசேப்பு உண்மையாகவே தாங்கியிருந்தார். வரலாறு தானாகவே நகைப்புக்குரியதாக இருக்கும் இடங்களை ஆசிரியர் நன்கு அறிவார்.

பல சமயங்களும் மொழிகளும் நெருக்கியடித்து வாழும் பெல்லா நகரம் அன்போடு வரையப்பட்டுள்ளது. ஆனால் சீர்திருத்தத் திருச்சபையினர் இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டாம் யோசேப்பு 1781இல் வெளியிட்ட சமயப் பொறை ஆணை லூத்தரன், கால்வினியத் திருச்சபையினருக்கு வழிபாட்டு உரிமை தந்தது; எனினும் அவர்களுடைய வழிபாட்டு வீட்டுக்குக் கோபுரமோ மணியோ தெருவைப் பார்த்த வாயிலோ இருத்தலாகாது என்றும் விதித்தது. ஆஸ்திரியப் பகுதியில் சட்டச் சமநிலையை அளித்த ஆணை 1861இல்தான் வந்தது. பொறுத்துக்கொள்ளப்படுதல் வேறு, மதிக்கப்படுதல் வேறு. பின்வாயில் வழியாக வழிபாட்டுக்குச் சென்றவரின் நினைவில் அப்பேரரசு டேவிட்சன் காட்டும் அளவுக்கு இனியதாக இருந்திருக்க முடியாது.

3. அறிவும் அற்புதமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவியலையும் போலி அறிவியலையும் ஆசிரியர் ஒரே தட்டில் வைக்கிறார். மண்டையோட்டு மேடுகளைத் தடவிக் குணத்தைக் கணிக்கும் கலை, ஓடு என்னும் மறைவிசை, பொன்னாக்கும் இரசவாதம் ஆகிய யாவும் இக்கதைகளில் உலாவுகின்றன. இவை தற்செயலாகத் தேர்ந்தவை அல்ல. மண்டையோட்டுக் கலையைத் தொடங்கிய கால் வியன்னா மருத்துவர். ஓடு விசையைக் கற்பித்த ரைக்கன்பாக்கும் ஆஸ்திரியாவில் ஆய்வு நடத்தியவர். 'முடிவற்ற கல்' என்னும் கதையில், நகரத் தெருக்களில் மலிவாக விற்கப்படும் பொன் மோதிரங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதே புதிர். ஏழை மணமக்களுக்கு மலிவான மோதிரம் மகிழ்ச்சி தருகிறது. கணக்கில் வராத பொன்னோ அரசுக்கு அச்சம் தருகிறது. பொருளியலும் மறைஞானமும் இங்ஙனம் சந்திக்கும் இடத்தில் ஆசிரியரின் நகைச்சுவை உச்சத்தை எட்டுகிறது.

நாக்ஸின் கட்டளை மீறப்பட்டபோதிலும் வாசகர் ஏமாற்றப்படுவதில்லை. ஏனெனில், இக்கதைகளில் குற்றவாளி யார் என்பதைவிட, நிகழ்ந்தது மனிதருக்கு எத்தகையது என்பதே முதன்மையான கேள்வியாகும்.

4. காட்சிப்பொருளாக்கப்பட்ட பெண்

இதற்குச் சிறந்த சான்று 'பாலி சார்ம்ஸ், உறங்கும் பெண்' என்னும் கதை. முப்பது ஆண்டுகளாக உறக்கத்திலேயே இருக்கும் ஓர் ஆங்கிலப் பெண்ணைக் கட்டணம் பெற்றுக் காட்சியாக வைத்துள்ளார்கள். வாழ்நாள் அவளைக் கடந்துசென்றுவிட்டது. முகத்தில் இளமை மட்டும் எஞ்சியிருக்கிறது. நகரம் வேடிக்கை பார்க்கிறது. மருத்துவரும் பார்க்கிறார்.

தொடக்கத்தில் நாமும் சிரிக்கிறோம். சந்தைக் கூடாரத்தின் ஆரவாரம் அத்தகையது. பின்னர் அச்சிரிப்பு மெல்ல நம்மைச் சுடுகிறது. அவளுடைய இசைவை யார் கேட்டார்கள்? அவளை விற்றுப் பிழைப்பவருக்கும், அறிவின் ஆவலால் உற்றுநோக்கும் அறிஞருக்கும், கதையாகப் படித்து மகிழும் நமக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? கதை அவளுக்கு மகிழ்ச்சியான விழிப்பைத் தருவதில்லை. அறிஞர் காரணத்தை அறிகிறார். இழந்த ஆண்டுகளை அவரால் மீட்டுத்தர இயலவில்லை.

துப்பறியும் கதை, இழந்த ஏதேன் மீண்டும் கிடைக்கும் என்னும் கனவை வளர்க்கிறது என்று கவிஞர் ஆடன் 1948இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். குற்றவாளி அகற்றப்பட்டதும் ஊர் மாசற்றதாகிவிடும் என்பது அக்கனவு. டேவிட்சன் அக்கனவை ஏற்க மறுக்கிறார். அவருடைய உலகில் விளக்கம் கிடைக்கும், விடுதலை கிடைப்பதில்லை. நோயாளியின் படுக்கையருகே காரணங்களை மட்டும் எடுத்துரைத்துத் திரும்பிய அனுபவம் உள்ள எந்த ஆயரும் இவ்வேறுபாட்டை உணர்வார்.

5. குறைகள்

குறைகள் மூன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, நடை. கிளைக்கதைகளும் பட்டியல்களும் பெருகி, கதையின் இழை சில இடங்களில் அறுந்துபோகிறது. இரண்டாவது, மண்டையோட்டுக் கலை வெற்றிபெறும் கலையாகவே காட்டப்படுகிறது. வரலாற்றில் அது இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்துவோர் கையில் கொடிய கருவியாயிற்று. அந்நிழல் கதைகளில் விழவில்லை. மூன்றாவது, நாடோடிகளான ரோமா மக்கள். எஸ்டர்ஹாசியின் பணியாளரே அவ்வினத்தவர். ஆயினும் மறைபொருளும் வண்ணமும் சேர்ப்பதே அவர்களுக்கு அளிக்கப்பட்ட வேலை. இரண்டாம் உலகப் போரின்போது அம்மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதை அறிந்த வாசகருக்கு இது உறுத்தலாகவே இருக்கும்.

6. சிரிப்பும் துயரமும்

அங்ஙனமாயின், இக்கதைகள் பழைய பேரரசின்மீது ஏக்கங்கொண்ட பொய்ச்சித்திரமா? அவ்வாறு முடிவுகட்டுவது அவசரமாகும். 'அரசரின் நிழலுக்கு எல்லையில்லை' என்னும் கதையில் தெருவில் நடக்கும் எஸ்டர்ஹாசி, எளியோரின் முகங்களில் அரசரின் சாயலையே காண்கிறார். கதையெங்கும் வரவிருக்கும் அழிவின் குளிர் வீசுகிறது. ஆசிரியருக்கும் நமக்கும் தெரிந்தது கதைமாந்தருக்குத் தெரியாது: 1914 வரும், 1918 வரும், அதன்பின் அவ்வூர்களின் யூதத் தெருக்களைத் தேடினாலும் காணக் கிடையாத ஆண்டுகள் வரும். அந்நகரங்களின் யூதர் அழிக்கப்பட்டு முப்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், ஒரு யூத எழுத்தாளர் அவ்வுலகை நகைச்சுவையால் மீண்டும் கட்டினார். துக்க வீட்டில் இறந்தவரின் வேடிக்கைப் பேச்சை நினைந்து உறவினர் சிரிப்பதுண்டு. அச்சிரிப்பை யாரும் பொய் என்பதில்லை.

எனவே நமது தீர்ப்பு இது. இப்பேரரசை நீதியின் வடிவமாக ஆசிரியர் காட்டவில்லை. அதைவிடக் கொடியவை பின்னர் வந்தன என்பதையே சொல்லாமல் சொல்கிறார். அதன் பின்வாயில்களை மறவாமல் படிப்பது நம் பொறுப்பு. தானியேல் நூலின் சிலையைப்பற்றி அருளுரை ஆற்றும்போது பேரரசுகள் நொறுங்குவதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நொறுங்கும்போது அதன் காலடியில் குடியிருந்தவர் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் பழக்கத்தை இக்கதைகள் நமக்குக் கற்பிக்குமானால், அவற்றை இனி விளக்கவுரைகளுக்குப் பின்னால் மறைக்க வேண்டியதில்லை.