மனச்சிதைவு: பெயரால் வந்த குழப்பம்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், குரோம்பேட்டை தாண்டியதும், எதிரே இருந்த கல்லூரி மாணவர் இருவரின் பேச்சு காதில் விழுந்தது. வகுப்பில் சாதுவாகவும் மைதானத்தில் முரடனாகவும் நடந்துகொள்ளும் நண்பனைப் பற்றிய பேச்சு. "அவனுக்கு ஸ்ப்ளிட் பர்சனாலிட்டிடா, அந்நியன் மாதிரி" என்றார் ஒருவர். "தமிழ்ல அதுக்குப் பேரு மனச்சிதைவு" என்று விளக்கினார் மற்றவர். இரண்டு வெவ்வேறு நோய்களும், நோயே அல்லாத ஓர் இயல்பும் அங்கே ஒன்றாகிவிட்டன.

ஷங்கர் இயக்கி 2005-இல் வெளிவந்த 'அந்நியன்' காட்டுவது, ஒரே உடலில் அம்பி, ரெமோ, அந்நியன் என மூவர் மாறி மாறித் தோன்றும் நிலை. அதே ஆண்டில் வந்த 'சந்திரமுகி'யின் கதையும் இவ்வகையைச் சேர்ந்ததே. இது அரிதான நிலை; இதன் தன்மை பற்றி மருத்துவர்களிடையே இன்றும் வாதம் உண்டு. இரட்டை வேடம் திரைக்கு உகந்தது என்பதால் கதாசிரியர்களைக் குறை சொல்வதற்கில்லை.

மனச்சிதைவு முற்றிலும் வேறு. ஸ்கிசோஃப்ரினியா என்ற நோய்க்கு நாம் வைத்த தமிழ்ப் பெயர் அது. இதில் ஆள் மாறுவதில்லை. யாரும் பேசாதபோது குரல் கேட்கும். அக்கம்பக்கத்தார் தமக்கு எதிராகச் சதி செய்வதாக அசைக்க முடியாத எண்ணம் தோன்றும். பேச்சில் கோவை குலையும். குளிக்கவும் உண்ணவும்கூட நாட்டம் குறையும். பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலோ இருபதுகளிலோ, அதாவது கல்லூரிப் பருவத்தில், இது தலைகாட்டுகிறது.

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் பிளாய்லர் 1908-இல் 'பிளவு', 'மனம்' என்னும் கிரேக்கச் சொற்களை இணைத்து இப்பெயரைப் படைத்தார். ஒருவர் இருவராவதை அவர் கருதவில்லை; சிந்தனையும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இசையாமற்போவதையே கருதினார். நம் கலைச்சொல் கிரேக்க வேரை மொழிபெயர்த்தது; நோயை மொழிபெயர்க்கவில்லை. போதாக்குறைக்கு, 'சிதைவு' என்றதும் நம் மனத்தில் எழுவது இடிந்த கோபுரமும் உடைந்த சிலையும். மகனுக்கு மனச்சிதைவு என்று கேட்கும் தாய், குணமாகுமா என்று கேட்கவும் துணியமாட்டாள்.

உண்மை நிலையோ வேறு. சென்னையிலேயே 1980-களின் தொடக்கத்தில், முதன்முறையாக இந்நோய் கண்ட 90 பேரைத் தேர்ந்து, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டு முடிவில், தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அறிகுறிகள் தணிந்த நிலையில் இருந்தனர். சிதைந்தது என்று இதை எப்படிச் சொல்வது?

ஜப்பானியர் நம்மைப் போன்றே 'மனப்பிளவு நோய்' என்று பொருள்படும் சொல்லை வழங்கிவந்தனர். நோயாளிகளின் குடும்பத்தினர் வற்புறுத்தியதால் 2002-இல் அதை விடுத்து, 'ஒருங்கிணைப்புக் கோளாறு' என்ற பொருளில் புதுச்சொல் அமைத்தனர். அதற்கு முன், நோயின் பெயரை மருத்துவர் வாயால் கேட்டறிந்த நோயாளிகள் ஏறத்தாழ 37 சதவீதம். மூன்றாண்டுகளில் அது 70 சதவீதத்தை நெருங்கியது. பெயரைச் சொல்ல மருத்துவருக்கே இருந்த தயக்கம் அவ்வளவு! பின்னர் தென்கொரியாவும் பெயரை மாற்றியது. அவர்கள் தேர்ந்தது, யாழ் போன்ற கருவியின் நரம்புகளைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்.

சுருதி என்ற சொல் நம்மிடமும் இருக்கிறது. 'மனச்சிதைவு' பாடநூல்களில் பதிந்துவிட்டது, இனி மாற்றலாகாது என்பார் உண்டு. ஜப்பானில் பழைய பெயர் 60 ஆண்டுகளுக்கும் மேல் வழங்கிய ஒன்று.