பாளையக்காரர் புனைவுகளில் மொழியும் ஆட்சிச் சொற்களும்: சித்தூர்ப் பகுதியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

கும்பினியாட்சியை எதிர்த்துத் தென்னாட்டுப் பாளையக்காரர் நிகழ்த்திய போர்கள் தமிழில் கதைப்பாடல், வாழ்க்கை வரலாறு, நாடகம், திரைப்படம், புதினம் எனப் பல வடிவங்களில் இடம்பெற்றுள்ளன. இவற்றின் வரலாற்று உண்மை பற்றியும் வீரச்சுவை பற்றியும் பலர் எழுதியுள்ளனர். இவற்றில் வரும் மாந்தர் எம்மொழியில் பேசியவர், அப்பேச்சு தமிழ்ப் படைப்பில் எவ்வாறு நிகரிக்கப்படுகிறது என்னும் வினா அத்துணை கருதப்படவில்லை. மொழி வேற்றுமையை மறைக்கும் புனைவு எதிர்ப்பின் காரணத்தையும் மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சித்தூர்ப் பாளையங்கள்

1801ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செய்துகொள்ளப்பட்ட கர்நாடக உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமை கும்பினியிடம் சென்றது. நவாபுக்குத் திறை செலுத்திவந்த பங்காருபாளையம், கல்லூர், பாகாலா, புலிச்செர்லா, மொகரால முதலிய சித்தூர்ப் பாளையங்களும் அவ்வாறே கைமாறின. திறையின் அளவு, காவல் உரிமை ஆகியவை பற்றிப் பிணக்குகள் எழுந்தன. இப்பாளையங்களுட் பல 1804-05ஆம் ஆண்டுகளில் கிளர்ந்தெழுந்து, படைகொண்டு அடக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சியின் இரண்டாம் போரும் சிவகங்கைப் போரும் முடிந்து மூன்றாண்டுகளே கழிந்திருந்த காலம் அது.

எனினும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் சிவகங்கைக்கும் தமிழ்ப் புனைவில் கிடைத்த இடம் சித்தூருக்குக் கிடைக்கவில்லை. தெலுங்கிலும் இராயலசீமை எதிர்ப்பின் அடையாளமாக நிலைபெற்றவர் 1846-47இல் கிளர்ந்தெழுந்த உய்யாலவாட நரசிம்ம ரெட்டியே ஆவார். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், 1911இல் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. மொழிவழி மாநிலங்கள் தத்தம் வீரரைத் தேர்ந்துகொண்ட காலத்தில், இருமொழி எல்லையில் நின்ற தலைவர் இருபாலார் நினைவிலும் பின்தங்கினர் எனக் கருத இடமுண்டு.

கட்டபொம்மன்: பெயரும் பேச்சும்

கட்டபொம்மன் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கம்பளத்தார் மரபினர். ‘கெட்டிபொம்மு’ என்னும் தெலுங்கு வழக்கே ‘கட்டபொம்மு’ என மருவிற்று என்பர். கதைப்பாடல்கள் ‘கட்டபொம்மு’ என்னும் வடிவைப் போற்றின. எழுத்து வழக்கு ‘-அன்’ ஈறு சேர்த்து அப்பெயரை முழுதும் தமிழாக்கியது.

ம.பொ.சிவஞானம் இவரைப் பற்றி எழுதிய நூல் 1949இல் வெளிவந்தது. அவரே வேங்கடம் வரை தமிழகம் எனக் கோரி வட எல்லைப் போராட்டத்தையும் நடத்தினார். வடவெல்லையை வரையறுக்க முனைந்தவர், அவ்வெல்லைக்கு அப்பாலிருந்து வந்த மொழியினர் வழித்தோன்றலைத் தமிழகத்தின் விடுதலை வீரராக நிலைநிறுத்தினார். இதனை முரண்பாடு எனத் தள்ளிவிடுதல் கூடாது. நாட்டுரிமை பிறப்பு மொழியால் மட்டும் அமைவதன்று என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது. ஆயினும் புனைவு அக்கொள்கையை வெளிப்படக் காட்டவில்லை. வீரரின் தாய்மொழியை மறந்ததன் மூலமே அவரை ஏற்றுக்கொண்டது.

1959இல் பி.ஆர்.பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தில் பாளையக்காரரும் ஜாக்சன் துரையும் நேருக்கு நேர் தமிழிலேயே வாதிடுகின்றனர். 1798இல் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த அச்சந்திப்பு துபாசியின் இடையீட்டை வேண்டுவது. திரைப்படம் துபாசியை நீக்கியதால் உரையாடல் வேகமும் ஓசை நயமும் பெற்றது. தலைமுறைகள் கடந்தும் அது மக்கள் நாவில் நின்றது. ஆனால் இருவரும் ஒரே சொல்லுக்கு வேறு வேறு பொருள் கொண்டிருந்தனர் என்னும் உண்மை மறைந்தது. அப்படம் தெலுங்கில் ‘வீரபாண்ட்ய கட்டபிரம்மன்ன’ என்னும் பெயரில் குரல்மாற்றம் பெற்றது. ‘பொம்ம’ என்பதற்கு மூலமாகிய ‘பிரம்ம’ என்னும் வடிவு அங்கே மீட்கப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பாகிய தெலுங்கு வடிவே கதைத்தலைவரின் வீட்டுமொழிக்கு நெருங்கியதாகிறது. எனினும் அத்தெலுங்கு ஏட்டுத் தெலுங்கே. கரிசல் நிலத்துக் கம்பளத்தார் பேச்சன்று.

அயர்லாந்துப் படைப்புகளுடன் ஒப்பீடு

இச்சிக்கலை அயர்லாந்து எழுத்தாளர் வேறு வகையில் எதிர்கொண்டனர். அங்கும் குலத்தலைவர்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்து 1594 முதல் 1603 வரை போரிட்டுத் தோற்றனர்; அவர்தம் கதைகள் பெரிதும் வென்றவரின் மொழியிலேயே எழுதப்பட்டன. பிரையன் ஃபிரீலின் ‘டிரான்ஸ்லேஷன்ஸ்’ (1980) நாடகத்தில் ஐரிஷ் பேசுவோரும் ஆங்கிலம் பேசுவோரும் மேடையில் ஆங்கிலத்தையே பேசுகின்றனர். ஆயினும் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்குவதில்லை. அவருடைய ‘மேக்கிங் ஹிஸ்டரி’ (1988) நாடகத்தில் ஹியூ ஓநீல் உயர்குடி ஆங்கில ஒலிப்புடன் பேசுகிறார். உணர்ச்சி மிகும்போது அவரது சொந்த மண்ணின் ஒலிப்பு வெளிப்படுகிறது. ஒரே மொழியில் எழுதியபோதும் இருமொழி நிலையைப் பார்வையாளர் மறவாதபடி ஃபிரீல் அமைத்துள்ளார். நம் திரைப்படத்தின் உத்தி இதற்கு நேர்மாறானது.

ஆட்சிச் சொற்கள்

மொழிபெயர்ப்பாளர் சிறப்பாகக் கருதத்தக்கவை ஆட்சிச் சொற்களே. ‘பேஷ்கஷ்’ என்பது ஒரு தலைவன் தன்னினும் பெரிய அரசுக்குச் செலுத்தும் திறை. செலுத்துவோன் தன் நிலத்தில் தலைவனாகவே நீடிப்பான். ‘கிஸ்தி’ என்பது தவணையாகச் செலுத்தும் நிலவரி. செலுத்துவோன் அரசின் கணக்கில் ஒரு வரியாளன். முன்னதனைப் பின்னதாக மாற்றியதே கும்பினியாட்சியின் உட்பொருள். பாளையக்காரர் எதிர்த்தது தொகையின் மிகுதியை மட்டுமன்று, இப்பொருள் மாற்றத்தையும் எனலாம். தமிழ்ப் புனைவுகள் இரண்டையும் ‘வரி’ என ஒரே சொல்லால் குறிக்கும்போது, வரி கொடுக்க மறுத்த வீரம் எஞ்சுகிறது. உரிமை பற்றிய வழக்கு மறைகிறது.

‘சன்னது’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஆங்கில அரசர் எட்டாம் ஹென்றி 1540களில் ஐரிஷ் தலைவரிடமிருந்து குலப்பட்டத்தைப் பெற்றுக்கொண்டு ஆங்கிலப் பிரபுப் பட்டம் அளித்தார். 1542இல் ஓநீல் குலத்தலைவர் டிரோன் பிரபுவானார்; அவர் வழிவந்த ஹியூ 1595இல் மீண்டும் ‘ஓநீல்’ எனப் பழைய பட்டத்தைச் சூடியது போர் அறைகூவலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் முதலிய பாளையங்கள் சன்னது பெற்று ஜமீன்களானமையும் இவ்வகை மாற்றமே. ‘பாளையக்காரர்’, ‘ஜமீன்தார்’ என்னும் இரண்டையும் வேறுபாடின்றி ஆளும் புனைவு இம்மாற்றத்தைக் காட்ட இயலாது.

இதற்கு மாறாக, ‘கும்பினி’ என்னும் சொல் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழி மக்கள் வழக்கிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் பயின்றுள்ளது. பகைவனுக்கு இரு மொழியினரும் இட்ட பொதுப்பெயர் அது. அதனை ‘ஆங்கில வணிகக் குழு’ எனத் திருத்தி எழுதுவது அப்பொதுமையை அழிப்பதாகும்.

புதினங்கள் காட்டும் வழி

கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) போர்ப் புதினமன்று. ஆயினும் தெலுங்கு பேசும் கம்மவார் தெற்கே குடிபெயர்ந்து கரிசல் மக்களான வரலாற்றைக் குடிகளின் பார்வையில் கூறுகிறது. தமிழ்க் கதைசொல்லுக்கு அடியில் இன்னொரு மொழி இயங்குவதை வாசகர் உணர்கின்றனர். சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) காவல் உரிமையையே பொருளாகக் கொண்டு, அதனைக் கும்பினியாட்சி பறித்ததை விரிக்கிறது. எதிர்ப்பைத் தலைவரின் முழக்கத்திலிருந்து குடிகளின் வழக்காற்றுக்கு இடம்பெயர்த்தமை இவ்விரண்டின் பொதுச்சிறப்பு. சித்தூர்ப் பாளையங்களைப் பற்றி எழுத முனைவோர்க்கு ஏற்ற முன்மாதிரிகள் இவையே.

முடிவுரை

பாளையக்காரர் புனைவுகளைப் படைப்போரும் பெயர்ப்போரும் மூன்றினைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மாந்தரின் இருமொழி நிலை படைப்பில் ஏதேனும் ஒரு குறிப்பால் புலப்பட வேண்டும். துபாசி இருந்த இடத்தில் அவரை இருக்கவிட வேண்டும். திறை, வரி, சன்னது முதலிய சொற்களைப் பொருள் வேறுபாடு கெடாமல் ஆள வேண்டும். பழைய கங்குந்திப் பாளையத்தின் நிலப்பகுதியாகிய குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்கிவருகிறது. இருமொழிப் பாளையச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கும் பணிக்கு அதனினும் பொருத்தமான இடம் அரிது. அத்தகைய அகராதி அமையுமாயின், சித்தூர்த் தலைவரின் கதை எம்மொழியில் எழுதப்படினும் மற்றதன் குரலும் அதில் கேட்கும்.